பிராய்டின் இடப்பெயர்கள்: ஆழ்நிலை உளவியல் கலைச்சொற்களின் மொழிபெயர்ப்பு வரலாறு

சிக்மண்ட் பிராய்டு 1923இல் வெளியிட்ட சிறுநூலின் ஜெர்மன் தலைப்பு 'டஸ் இஹ் உண்ட் டஸ் எஸ்' என்பதாகும். இதில் 'இஹ்' தன்மை ஒருமைப் பெயர். 'எஸ்' அஃறிணை ஒருமைப் பெயர். குழந்தை பேசத் தொடங்கும்போதே பயிலும் இவ்விரு சொற்களின்முன் 'டஸ்' என்னும் சார்படையைச் சேர்த்து அவற்றைப் பெயர்ச்சொற்களாக்கினார் பிராய்டு. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தலைப்பு 'நானும் அதுவும்' என்றாகும். ஆனால் 1927இல் ஜோன் ரிவியர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் 'இஹ்' ஈகோ ஆயிற்று. 'எஸ்' இட் ஆயிற்று. இலத்தீனில் இவையும் இடப்பெயர்களே. எனினும் ஆங்கிலம் பேசுவோர்க்கு இவை அவ்வாறு புலப்படுவதில்லை.

'எஸ்' என்னும் வழக்கைப் பிராய்டு தாமே படைக்கவில்லை. அதே ஆண்டில் சற்று முன்னர் நூல் வெளியிட்ட கியோர்க் குரோடெக்கிடமிருந்து அதனைப் பெற்றதாக எழுதி, நீட்சேயிடமும் அவ்வழக்கு உண்டெனச் சுட்டியுள்ளார். எளிய சொற்களைத் தேர்ந்தமைக்கான காரணத்தை, மருத்துவரல்லாதார் உளப்பகுப்பாய்வு செய்வது பற்றிய 1926ஆம் ஆண்டு நூலில் அவர் விளக்குகிறார். கோட்பாடு நோயாளிக்கும் விளங்கவேண்டும். நோயாளி அறிவுடையவராயினும் கல்விமானாக இருக்கவேண்டியதில்லை. எனவே கிரேக்கப் பெயர்களைத் தவிர்த்து, மக்களின் சிந்தனை முறையோடு ஒட்டிநிற்க விரும்பினார்.

இவ்விருப்பம் ஆங்கிலத்தில் நிறைவேறவில்லை. 1953 முதல் 1974 வரை 24 தொகுதிகளாக வெளிவந்த பதிப்பின் முதன்மை மொழிபெயர்ப்பாளர் ஜேம்ஸ் ஸ்ட்ரேச்சி. ஓரிடத்தைப் பிடித்து நிரப்புதல் என்னும் பொருளில் ஜெர்மானியர் அன்றாடம் வழங்கும் 'பெஸெட்சுங்' என்னும் சொல்லுக்கு, 1922இலேயே கிரேக்க வேரிலிருந்து 'கதெக்சிஸ்' எனப் புதுச்சொல் ஆக்கியவரும் அவரே. பிராய்டு அதனைத் தொடக்கத்தில் விரும்பவில்லை. 'ஸேலெ' என்னும் உள்ளம், உயிர் இரண்டையும் தழுவும் சொல், பெரும்பாலும் 'மைண்ட்' எனச் சுருங்கியது. வியன்னாவில் பிறந்த புரூனோ பெட்டல்ஹைம் 1980களின் தொடக்கத்தில் இவற்றைக் கடுமையாகச் சாடினார். மனிதன் தன்னைத் தானே அறியும் தேடலை மருத்துவத் துறையின் குளிர்ந்த மொழி மறைத்துவிட்டது என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்வாதம் பாதியே சரி. ஜெர்மனில் சார்படை பெற்ற 'இஹ்' அஃறிணைப் பெயராக வேற்றுமை ஏற்கும். ஆங்கிலத்தில் 'ஐ' அவ்வளவு எளிதில் பெயராகி நிற்பதில்லை. மேலும், ஈகோ ஆங்கில மெய்யியலில் முன்பே வழங்கிய சொல். பிரெஞ்சில் நிலைமை வேறு. 'ழ' எழுவாயாக மட்டும் வர, 'முவா' தனித்து நிற்கவல்லது. ஆகவே 'ல முவா' இயல்பாக அமைந்தது. பிராய்டு தம் 1933ஆம் ஆண்டுச் சொற்பொழிவுகளின் புகழ்பெற்ற ஒரு தொடரில் இவ்விரு இடப்பெயர்களையும் சார்படையின்றி ஆண்டிருப்பதைக் கண்டு, அதன்மீது தம் விளக்கத்தை எழுப்பினார் ழாக் லக்கான். ஈகோ, இட் என்றே படித்தவர்க்கு அத்தகைய வினாவே எழுந்திராது.

இந்திய மொழிகளுக்கு இக்கலைச்சொற்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே வந்தன. கிரீந்திரசேகர் போஸ் 1922இல் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார். வங்காளத்தில் ஈகோவுக்கு 'அஹம்', இட்டுக்கு 'அதஸ்' என வழங்கின. இரண்டும் வடமொழி இடப்பெயர்கள்; இலத்தீன் சென்ற அதே வழி.

தமிழில் 'நனவிலி' நல்ல ஆக்கம். ஜெர்மன் மூலத்தின் எதிர்மறை அமைப்பை 'இலி' அப்படியே காக்கிறது. 'ஸேலெ'க்கு 'உள்ளம்' பொருந்தும். 'ஆன்மா' என்றால் பிராய்டு ஏற்காத சமயப்பொருள் புகுந்துவிடும். இடர் ஈகோவில்தான். பேச்சுத்தமிழில் அது செருக்கைக் குறிக்கும். 'தன்முனைப்பு' என்று பெயர்த்தாலும் அதே நிழல் விழுகிறது. சித்தாந்த நூல்கள் அந்தக்கரணம் நான்கனுள் ஒன்றாக எண்ணும் 'அகங்காரம்' வழக்கில் இழிபொருள் எய்தியமை இதற்கு முன்னோடி எனலாம். தன் 'ஈகோ' வலுப்பெறவேண்டும் எனக் கேட்கும் தமிழ் நோயாளி என்ன விளங்கிக்கொள்வார்?

'நான்' என்பதையே ஆளலாமே எனின், அது 'நானை' என வேற்றுமை ஏற்காது, 'என்னை' எனத் திரியும் என்பது இலக்கணத் தடை. 'நான் என்பது' என விரித்தால் அத்தடை நீங்குகிறது. அவ்வழக்குத் தமிழுக்குப் புதிதன்று. இடப்பெயரையே ஆராய்ச்சிப் பொருளாக்கிய இரமண மகரிஷியின் 'நான் யார்?' சிவப்பிரகாசம் பிள்ளையால் முதலில் அச்சிடப்பட்டதும் 1923இல்தான்.