நீலகிரிப் புல்வெளியும் மண் பூஞ்சைகளும்

நீலகிரிப் புல்வெளிக்குச் செல்பவர்கள் பார்ப்பது புல்லை. அந்தப் புல்லின் வேர்களோடு இணைந்து வாழும் நுண்ணிய பூஞ்சைகள் கண்ணில் படுவதில்லை. இவை வேர்ப்பூஞ்சைகள். ‘மைக்கோரைசா’ என்ற பெயரை 1885இல் சூட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பிராங்க். வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸையும் நீரையும் பூஞ்சை இழைகள் கொண்டுவந்து தருகின்றன. பதிலுக்குப் புல் தான் தயாரித்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது.

கோவை ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்தார். அதற்கு முன்பிருந்தே இங்கு தோடர்களின் எருமைகள் மேய்ந்து வந்தன. “எருமையும் மண்ணை மிதிக்கத்தானே செய்யும், ஐயா?” என்று ஒருமுறை வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. எருமை மந்தை மேய்ந்தபடி நகரும், சாணமும் இடும். தோடர்கள் பருவத்துக்கேற்ப ஒரு மந்திலிருந்து இன்னொரு மந்துக்கு மாறினார்கள். மிதிபட்ட நிலத்துக்கு ஓய்வு கிடைத்தது.

1899இல் மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை வந்தது. அதே ஆண்டில் பிரான்சில் நோயல் பெர்னார், ஆர்க்கிட் விதைகள் முளைக்கப் பூஞ்சையின் துணை தேவை என்று கண்டறிந்தார். இவ்விரண்டையும் அன்று யார் சேர்த்துப் பார்த்திருப்பார்கள்? 1908இல் ரயில் உதகையை எட்டியது. பின்னர் பேருந்தும் காரும் வந்தன.

புல்வெளியில் பெரும்பகுதியை விழுங்கியது சுற்றுலா அன்று. தேயிலையும் சீகை, தைல மரங்களுமே அதைச் செய்தன. ஆனால் எஞ்சிய சிறு பரப்பில்தான், உதகை–கூடலூர் சாலையோரச் சூட்டிங்மட்டம் போன்ற இடங்களில், கூட்டம் குவிகிறது.

ஈரமான சரிவில் ஒரே தடத்தில் பலரும் நடந்தால் மண் இறுகும். மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளி அடைபடும். மழைநீர் உள்ளே இறங்காமல் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். நசுங்கிய புல்லால் முன்போல் சர்க்கரை தர இயலாது. புல்வேர்ப் பூஞ்சைகளில் பெரும்பாலானவை உயிருள்ள வேரின்றி வளர முடியாதவை. புல் மறைந்த திட்டில் அவையும் குறைகின்றன. பிறகு அங்கே விழும் விதைக்குத் துணை கிடைப்பது கடினம். இப்புல்வெளிகளில் பூக்கும் சாட்டிரியம் என்னும் தரை ஆர்க்கிட்டின் நிலை இன்னும் மோசம். தூசி போன்ற அதன் விதையில் சேமித்த உணவு இல்லை. ஏற்ற பூஞ்சை மண்ணில் இல்லாவிட்டால் அது முளைக்காது.

சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வர இ-பாஸ் கட்டாயமானது. இதனால் மலையேறும் வாகனங்களைக் கணக்கிட முடிகிறது. வாகனத்திலிருந்து இறங்கியவர்கள் எந்தச் சரிவில் நடக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கில் வராது.