வீதிக்கு வந்த விநாயகர்

ஒரு தெருவின் வரலாற்றை அறிய விரும்புவோர் அத்தெருவின் விழாவை நோக்குதல் வேண்டும். அரசர்களின் வரலாறு கல்வெட்டுகளில் இருக்கும். ஆட்சியாளரின் வரலாறு அரசாங்க ஏடுகளில் இருக்கும். குமாஸ்தாவும் ஆலைத் தொழிலாளியும் மீன் விற்கும் மாதரும் வாழ்ந்த வரலாறோ, அவர்கள் கூடி எடுத்த விழாக்களிலும், அவ்விழாக்களின் வரவு செலவுக் குறிப்புகளிலுமே தங்கியிருக்கிறது. மும்பை மாநகரில் ஆண்டுதோறும் நடைபெறும் பொதுக் கணபதி விழா அத்தகையதொரு வரலாற்று ஏடாகும்.

இவ்விழா இனியும் தெருவில் நடைபெற வேண்டுமா, நடைபெறின் எவ்வாறு நடைபெற வேண்டும் என்னும் வினா இன்று நம் குடியிருப்புகளிலும் இரயில் பெட்டிகளிலும் ஓயாது பேசப்படுகிறது. ‘வேண்டும்’ என்பாரும் ‘வேண்டா’ என்பாரும் ஒருவரையொருவர் கடிந்து கொள்கின்றனர். இவ்வினா இன்று பிறந்ததன்று. விழா வீதிக்கு வந்த நாள் தொட்டே உடன் வந்திருப்பது. அதனைச் சற்றே திரும்பிப் பார்ப்பின், நாளைய வழியும் நமக்குப் புலப்படும்.

இல்லத்திலிருந்து வீதிக்கு

பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் புனே நகரில் கணபதி வழிபாடு சிறப்புற்றிருந்தது. 1818-ஆம் ஆண்டில் அவர்கள் ஆட்சி வீழ்ந்தபின் அது பெரும்பாலும் இல்லங்களுக்குள் ஒடுங்கியது. 1892-ஆம் ஆண்டில் பாவுசாகேப் ரங்காரி என்னும் மருத்துவர் புனேயில் பொதுவிழா எடுத்தார் என்பர். 1893-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பம்பாயில் இந்து-முஸ்லிம் கலவரம் மூண்டது. அதன் பின்னர்ப் பொதுவிழாவுக்கு லோகமான்ய திலகர் தம் ‘கேசரி’ இதழின் வாயிலாகப் பேராதரவு அளித்தார். 1894 முதல் விழா புனேயில் பெருகிப் பரவியது. விழாவின் தந்தை ரங்காரியா, திலகரா என்னும் வழக்கு, 2017-இல் புனேயில் 125-ஆம் ஆண்டு கொண்டாடப்பட்டபோதும் எழுந்தது. பெருமைக்கு உரியவர் யார் என்பதிலேயே கருத்து வேற்றுமை தொடங்கிவிட்டது என்க.

பம்பாயில் கிர்காம் பகுதியிலுள்ள கேசவ்ஜி நாயக் சாலில் 1893-இல் விழா தொடங்கியது. ‘சால்’ என்பது நீண்டதொரு நடைக்கூடத்தை ஒட்டி ஒற்றையறை வீடுகள் வரிசையாக அமைந்த குடியிருப்பு. ஒரே குழாயில் நீர் பிடித்து, ஒரே முற்றத்தில் துணி உலர்த்தி வாழ்ந்தவர்களுக்கு ஒரே முற்றத்தில் விழா எடுப்பது இயல்பாயிற்று. வீட்டுக்கு இவ்வளவு என்று தண்டிய சந்தாவுக்கு மராத்தியில் ‘வர்கணி’ என்று பெயர். இவ்வர்கணியே பொதுவிழாவின் ஆணிவேர். அந்தச் சாலில் இன்றும் சிறிய களிமண் உருவமே வழிபடப்படுகிறது. அங்கே விழா வளர்ந்தது, உருவம் வளரவில்லை.

அயலார் ஆட்சி இவ்விழாவை ஐயக்கண் கொண்டு நோக்கியது. பக்திப் பாடலோடு நாட்டுப்பற்றுப் பாடலும் பாடிச் சென்ற ‘மேளா’ என்னும் குழுக்கள் காவலரால் கண்காணிக்கப்பட்டன. நீதிபதி ரௌலட் தலைமையில் அமைந்த குழு 1918-இல் வெளியிட்ட அறிக்கையில், புரட்சி இயக்கத்தின் வரலாற்றைக் கூறத் தொடங்குமிடத்திலேயே கணபதி விழா இடம்பெற்றது. தெருவில் மக்கள் கூடுவதே ஆள்வோர்க்கு அச்சம் தருவதாயிற்று.

‘பொது’ என்னும் சொல்லின் பொருள்

பொதுவிழா என்று பெயரிட்டால் போதுமா? பொதுமக்கள் யாவரும் அதில் அடங்க வேண்டாவா? 1926-ஆம் ஆண்டு தாதரில் இவ்வினா வெடித்தது. எல்லாரிடமும் பொருள் பெற்று நடத்தும் விழாவில் தாழ்த்தப்பட்டோர் வழிபடத் தடை இருத்தல் முறையன்று என்று சீர்திருத்த எழுத்தாளர் பிரபோதன்கார் தாக்கரே போர்க்கொடி உயர்த்தினார். அண்ணல் அம்பேத்கரும் ராவ்பகதூர் போலேயும் அவ்வியக்கத்தில் துணைநின்றனர். தாழ்த்தப்பட்டோரின் தலைவர் ஒருவர் அளித்த மலர்கள் இறைவனுக்குச் சாத்தப்பட்ட பின்னரே பூசல் தணிந்தது. அதன்பின் அவ்விடத்துக் கணபதி விழா நின்றது. அதற்கு ஈடாக அனைவரும் கலந்துகொள்ளும் நவராத்திரி விழாவைப் பிரபோதன்கார் தொடங்கினார். ஒரு விழா நிற்கலாம். அதனால் எழுந்த நீதி நிற்கவில்லை. வர்கணி கொடுப்பவர் எவராயினும் விழாவில் அவருக்குப் பங்குண்டு என்பதே தாதர் புகட்டிய பாடம்.

ஆலைப் பகுதியில்

பரேல், லால்பாக், சிஞ்ச்போக்லி ஆகிய ஆலைப் பகுதிகளில் விழா வேறொரு வலிமை பெற்றது. சிஞ்ச்போக்லி மண்டல் 1920-லும், லால்பாகின் கணேஷ் கல்லி மண்டல் 1928-லும் தோன்றின. 1932-இல் லால்பாகில் பெரு சால் அங்காடி மூடப்பட்டது. மீனவரும் சிறு வணிகரும் வெயிலிலும் மழையிலும் தெருவில் அமர்ந்து விற்க நேர்ந்தது. நிலையான அங்காடிக்கு இடம் கிடைக்க வேண்டுமென அவர்கள் நேர்ந்துகொண்டனர், இடமும் கிடைத்தது. நன்றி மறவாது 1934-இல் அவர்கள் எழுந்தருளுவித்த உருவமே இன்று இலட்சக்கணக்கானோர் வரிசையில் நின்று காணும் ‘லால்பாகின் இராஜா’. பெருஞ்செல்வரின் அறக்கொடையால் எழுந்ததன்று அவ்விழா. கடைக்கு இடம் கேட்ட ஏழையரின் வேண்டுதலால் எழுந்தது.

நம்மவரும் விழாவும்

தமிழகத்து இல்லங்களில் பிள்ளையார் சதுர்த்தி எளியதொரு வழிபாடு. கடைத்தெருவில் வாங்கிய களிமண் பிள்ளையார், எருக்க மாலை, காகிதக் குடை, கொழுக்கட்டை, இரண்டொரு நாள் கழித்துக் கிணற்றிலோ குளத்திலோ கரைத்தல், அவ்வளவே. அந்த வழக்கத்தோடு இந்நகருக்கு வந்த நம் முன்னோர்க்கு, தெரு முழுதும் திரண்டு ஒரு பிள்ளையாரைக் கொண்டாடுவது வியப்பாகவே இருந்திருக்கும். தாராவியின் தோல் பதனிடும் கூடங்களுக்குத் திருநெல்வேலிச் சீமையினின்று வந்தவர்களும், 1915-இல் எழுந்த மாட்டுங்கா இரயில்வே தொழிற்சாலையிலும் நகரின் அலுவலகங்களிலும் வேலைக்கு அமர்ந்தவர்களும் மெல்ல மெல்ல வர்கணிப் பட்டியலில் இடம்பெற்றனர்.

1966-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் தென்னாட்டவர் இந்நகரில் அஞ்சி வாழ நேர்ந்ததும் உண்மை. எனினும் அண்டை வீட்டார்க்கிடையே மோதகமும் கொழுக்கட்டையும் கைமாறுவதை அரசியல் கூச்சலால் தடுத்துவிட முடியவில்லை. இரண்டும் ஒரே பண்டம் என்பதை இரு வீட்டுத் தாய்மாரும் நன்கறிவர்.

மற்றொன்றும் இங்கே சொல்லத்தகும். மாட்டுங்கா இரயில் நிலையத்தின் வெளியே வரதராச முதலியார் எடுத்த கணபதி விழா, 1970-களில் ஒளி அலங்காரத்தாலும் பெருஞ்செலவாலும் நகரெங்கும் பேசப்பட்டது. அவருடைய செல்வாக்கு எவ்வழி வந்தது என்பதை நாடறியும். 1980-களில் காவல் துறையின் கடும் நடவடிக்கைகளால் அவ்விழா சுருங்கியது. 1988-இல் அவர் சென்னையில் காலமானார். ஒருவர் பணப்பையை நம்பி நிற்கும் விழா அவருடைய கதியையே அடையும். பலர் சில்லறையில் நிற்கும் விழா பலர் ஆயுளைப் பெறும்.

இன்றைய கருத்துகள்

1982-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கிய ஆலை வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. புகைபோக்கிகள் நின்ற இடத்தில் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்தன. சால்களில் வாழ்ந்தோர் பலர் கல்யாண், பத்லாபூர், விரார் எனத் தொலைவிடம் சென்றனர். விழா நாள்களில் அவர்கள் பழைய தெருவுக்குப் புகைவண்டியேறி வருகின்றனர். வொர்லியின் நூறாண்டுப் பழமை வாய்ந்த பி.டி.டி. சால்களில் வாழ்ந்த முதற் குடும்பங்களுக்கு 2025 ஆகஸ்டில் புதிய அடுக்குமாடி வீடுகளின் திறவுகோல்கள் வழங்கப்பட்டன. முற்றம் இல்லாத வீட்டில் முற்றத்து விழா எவ்வாறு வாழும் என்பது இனி விடைகாண வேண்டிய வினா.

இந்நிலையில் தெருவில் எழும் கருத்துகள் பலவகை. நோயாளிகளும் முதியோரும் ஒலிபெருக்கியால் வருந்துகின்றனர். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என வரம்பு வகுத்துள்ளன. இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்பது விதி. ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை தளர்த்த மட்டுமே மாநில அரசுக்கு இடமுண்டு. நடந்து செல்வோரும் வண்டியோட்டுவோரும் பந்தலால் வழி அடைபடுவதைக் கூறுகின்றனர். போக்குவரத்தைத் தடுத்துப் பந்தல் இடும் உரிமை எவர்க்கும் இல்லை என்று 2015-இல் மும்பை உயர்நீதிமன்றமும் கூறிற்று.

கடலையும் ஏரியையும் எண்ணுவோர் பாரிஸ் சாந்து உருவங்களை எதிர்க்கின்றனர். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் அவற்றை விலக்கி நெறி வகுத்தது. உருவம் சமைப்போரின் துயரும் புறக்கணிக்கத்தக்கதன்று. களிமண் உருவம் கனமானது, காய நாளாவது, விலையும் மிகுவது. பேண் நகரத்துப் பட்டறைகளில் ஆண்டு முழுதும் உழைப்போர், சாந்தை விலக்கினால் எங்கள் பிழைப்பு என்னாகும் என்று கேட்கின்றனர். 2025-இல் உயர்நீதிமன்றம் உருவம் செய்யத் தடையில்லை எனக் கூறி, ஆறடிக்கு உட்பட்ட சாந்து உருவங்களைச் செயற்கைக் குளங்களிலேயே கரைக்குமாறு பணித்தது.

இரயில்வேயைச் சார்ந்தவன் என்ற முறையில் யான் கூறத்தக்கது பாலங்களைப் பற்றியது. கரி ரோடு, சிஞ்ச்போக்லி முதலிய பழைய மேம்பாலங்களின்மேல் ஊர்வலம் செல்லும்போது எடை 16 டன்னுக்கு மிகலாகாது, பாலத்தின்மேல் நின்று ஆடலாகாது என்று மாநகராட்சி எச்சரித்துள்ளது. உருவத்தின் உயரத்தில் போட்டியிடுவோர், கீழே ஓடும் தண்டவாளத்தையும் மேலே செல்லும் மின்கம்பியையும் எண்ணிப்பார்த்தல் நலம்.

2025 ஜூலையில் மகாராஷ்டிர அரசு இதனை மாநில விழாவாக அறிவித்தது. இதனை வரவேற்போர் பலர். அரசு உதவி பெருகின், வீட்டு வாயிலில் நின்று வர்கணி கேட்கும் வழக்கம் அருகுமோ என்று அஞ்சுவோரும் உளர். விளம்பரப் பலகைகள் பந்தலை மறைக்கும் இடங்களில் அவ்வச்சம் ஏற்கெனவே மெய்யாகிவிட்டது.

நாளைய வழி

இத்தனை கருத்துகளையும் நிறுத்துப் பார்க்குங்கால், விழா வேண்டுமா வேண்டாவா என்பது உண்மையான வினா அன்று என்பது தெளிவாகிறது. விழா யாருடையது என்பதே வினா. தெருவில் வாழ்வோருடையது எனின், தெருவில் வாழும் நோயாளியும், தேர்வுக்குப் படிக்கும் மாணவனும், வேற்றுச் சமயத்தவரும் அதன் திட்டத்தில் சொல்லுரிமை உடையவராவர். வந்து பார்ப்போருடையது எனின், கூட்டமும் உயரமும் ஒலியுமே அதன் அளவுகோலாகிவிடும்.

ஆகவே, விழாவுக்கு முன்னர்த் தெருவார் அனைவரையும் கூட்டிப் பந்தலின் அளவும் ஒலியின் நேரமும் முடிவு செய்தல் வேண்டும். விழா முடிந்தபின் வரவு செலவைப் பந்தல் இருந்த இடத்திலேயே யாவரும் காண ஒட்டுதல் வேண்டும். பொதுவில் பொருள் தண்டுவோர் அறக்கட்டளை ஆணையரின் அனுமதி பெறுதல் சட்டம். அண்டை வீட்டார்க்குக் கணக்குக் காட்டுதல் அதனினும் மூத்த சட்டம். பேரேட்டில் ஓரணா குறைந்தாலும் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும் வரை எழுந்திராத குமாஸ்தாக்கள் நம்முள் எத்தனையோ பேர். அத்தொண்டினை நம்மவர் தத்தம் தெருவுக்கு ஆற்றலாம்.

விழாவைச் சுருக்கினால் அது அழிந்துவிடும் என்று அஞ்சுவோர் 2020-ஆம் ஆண்டினை நினைவு கூர்க. தொற்றுநோய் பரவிய அவ்வாண்டில் பொது உருவங்கள் நான்கு அடிக்கு மேற்படலாகாது என அரசு வரையறுத்தது. லால்பாக் மண்டல் தன் புகழ்பெற்ற உருவத்தை எழுந்தருளுவிக்காமல், குருதியும் பிளாஸ்மாவும் வழங்கும் முகாம்களை நடத்தியது. அவ்வாண்டு பக்தி குறைந்தது என்று எவரும் கூறவில்லை. அடுத்து வந்த ஆண்டுகளில் விழா மீண்டும் தழைத்தது. உயரத்தைக் குறைத்தும், ஊர்வலத்தை விடுத்தும் விழா வாழ முடியும். தெருவார் தம்முள் பேசுவதை விடுத்தால் வாழ முடியாது.

வந்த ஊரைச் சொந்த ஊராகக் கொண்ட தமிழன்பர்களே! ‘இது அவர்கள் விழா, நமக்கென்ன’ என்று கதவடைத்திருப்பதும், ‘இது நம் தெய்வம், எவர் என்ன சொன்னாலென்ன’ என்று ஒலிபெருக்கியை உயர்த்துவதும் ஒன்றுபோலவே தவறானவை. வரும் ஆண்டு வர்கணிச் சீட்டோடு இளைஞர் நம் வாயிலுக்கு வரும்போது, பணத்தைக் கொடுத்து அனுப்பிவிடாமல், உள்ளே அழைத்து அமர்த்திக் கூட்டம் என்று நடைபெறும் எனக் கேட்போமாக. கூட்டத்துக்குச் சென்று நம் கருத்தைக் கூறுவோமாக. பிறர் கருத்தையும் பொறுமையுடன் கேட்போமாக. நம் பிள்ளைகள் பிறந்து வளரும் தெரு இது. அதன் விழாவும் அவர்கள் கைக்கு நல்லவண்ணம் சென்று சேர்வதாக.