நூல் பிடிப்பவரும் கையெழுத்துப் போடுபவரும்



சென்ற மாதம் மாலை நடையின்போது சி பிளாக் நண்பர் ஒருவர் கேட்டார்: "சார், ஊர்ல மனை இருக்கு. வீடு கட்டலாம்னு இருக்கேன். மேஸ்திரிக்கு 25 வருஷ அனுபவம். படம் வரைய தனியா ஒரு டிராஃப்ட்ஸ்மேன் வேணுமா? வீண் செலவுதானே?"

நம் குடியிருப்பில் ஊரிலோ புறநகரிலோ மனை வாங்கிப் போட்டிருப்பவர்கள் பலர். என்றாவது ஒருநாள் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும். நான் பொறியாளன் அல்ல, பி.காம். படித்த வங்கி எழுத்தர். ஆனாலும் இதன் பின்னால் உள்ள சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் பதில் தானாகவே கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் பழைய கதை. 'மயமதம்' என்னும் சிற்ப நூல் கட்டட வேலைக்கு நான்கு பேரைச் சொல்கிறது: ஸ்தபதி, சூத்ரக்ராஹி, தட்சகன், வர்த்தகி. இவர்களில் சூத்ரக்ராஹி என்றால் நூலைப் பிடிப்பவர் என்று பொருள். ஸ்தபதி மனதில் நினைத்ததை அளவு எடுத்து, நூல் பிடித்து, தரையில் கோடாக்குவது அவர் வேலை. இன்றைய டிராஃப்ட்ஸ்மேனுக்கு மூதாதையர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும். ஒன்றைக் கவனியுங்கள். நூல் பிடிப்பவர் தனியாக நிற்கவில்லை. மேலே ஸ்தபதி இருந்தார். கட்டடம் நின்றாலும் சாய்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் ஸ்தபதிதான்.

சாதாரண வீடுகளுக்கு இத்தனை பேர் கிடையாது. கொத்தனார் குச்சியால் மண்ணில் கோடு போட்டார், வீட்டுக்காரர் தலையாட்டினார். படம் காகிதத்துக்கு வந்தது கம்பெனி ஆட்சியில். நிலத்தை அளக்க ஆள் வேண்டும் என்று 1794-ல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் சென்னையில் 8 மாணவர்களுடன் சர்வே பள்ளி தொடங்கியது. அதுவே வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. 1842-ல் இங்கிலாந்தில் ஜான் ஹெர்ஷல் நீலப் படம் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இரும்பு உப்பு தடவிய தாளின் மேல் படத்தை வைத்து, வெயிலில் காட்டிக் கழுவினால் நீலத்தில் வெள்ளைக் கோடுகள் தெரியும். 'புளூ பிரிண்ட்' என்று நாம் சொல்வது இதைத்தான்.

அடுத்து சட்டம் வந்தது. 1919-ன் சென்னை மாநகராட்சிச் சட்டமும் 1920-ன் மாவட்ட நகராட்சிகள் சட்டமும், கட்டுவதற்கு முன் மனைப் படம், தரைப் படம், முகப்பு, வெட்டுத்தோற்றம் எல்லாம் கொடுத்து அனுமதி பெற வேண்டும் என்றன. இங்கேதான் ஒரு பிளவு ஏற்பட்டது. வீடு கட்டுவதற்கான படம் வேறு, அனுமதிக்கான படம் வேறு என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தார்கள். அனுமதி வந்ததும் படம் பீரோவுக்குப் போய்விடும். வேலை மேஸ்திரியின் கண்ணளவில் நடக்கும்.

நானும் அப்படிச் செய்தவன்தான். 1989-ல் வீடு கட்டினேன். வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து ஊரார் பிளானையெல்லாம் புரட்டிப் பார்த்தவன், என் வீட்டில் கோட்டை விட்டேன். அனுமதிக்கு ஒரே ஒரு தாள் வாங்கினேன். வேலைக்கான விவரப் படங்களுக்கு வரைபவர் 600 ரூபாய் கேட்டார். வேண்டாம் என்றேன். மாடிப்படியை யாரும் அளவிட்டு வரையவில்லை. தரையிலிருந்து மாடித் தளம் வரை 125 அங்குலம். ஒரு படி 7 அங்குலம் என்றால் 18 படி வர வேண்டும். மேஸ்திரி விட்டிருந்த இடத்தில் 14 படிதான் வந்தது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 9 அங்குலம். மூட்டு வலிக்காரரான என் அம்மா அந்தப் படியில் இரண்டு முறை ஏறினார். அதன் பிறகு மொட்டை மாடிக்கு வரவே இல்லை. வடாம் காயப் போட வேண்டும் என்று அவர் ஆசைப்பட்ட மாடி அது. மிச்சம் பிடித்த 600 ரூபாயை நினைத்தால் இன்றும் மனம் கூசுகிறது.

சரி, படம் வரைய யாருக்கு உரிமை உண்டு? 1972-ன் ஆர்கிடெக்ட்ஸ் சட்டம், பதிவு பெற்றவர்கள் மட்டுமே 'ஆர்கிடெக்ட்' என்று போட்டுக்கொள்ளலாம் என்கிறது. அந்தச் சட்டம் காப்பது பட்டத்தைத்தான், தொழிலை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தெளிவுபடுத்தியது. ஐ.டி.ஐ.யில் இரண்டு வருடம் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தவர் உங்கள் வீட்டுக்குப் படம் வரைவதில் தவறே இல்லை. 1982-ல் ஆட்டோகேட் வந்த பிறகு டி ஸ்கொயரும் மை பேனாவும் போய்விட்டன. ஒரு சுவரை நகர்த்தினால் முழுப் படத்தையும் மறுபடி வரைய வேண்டிய காலம் மலையேறிவிட்டது.

ஆனால் வரைவது வேறு, பொறுப்பேற்பது வேறு. வங்கியில் வவுச்சர் எழுதுபவர் ஒருவர், அதைச் சரிபார்த்துப் பாஸ் செய்பவர் இன்னொருவர். முப்பது வருடத்துக்கு மேல் வவுச்சர் எழுதியவன் நான், எழுதுபவரை மட்டமாகச் சொல்ல மாட்டேன். அவர் இல்லாவிட்டால் வேலையே நடக்காது. ஆனால் இரண்டாவது கையெழுத்து இல்லாமல் பணம் வெளியே போகக் கூடாது. டிராஃப்ட்ஸ்மேன் எழுதுபவர். அஸ்திவாரம், தூண், பீம், கம்பி ஆகியவற்றைக் கணக்குப் போட்டுக் கையெழுத்திடும் பொறியாளர் பாஸ் செய்பவர்.

இப்போது இது இன்னும் முக்கியம். 2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்தது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. முன்கூட்டியே யாரும் வந்து மனையைப் பார்ப்பதில்லை. அலைச்சல் குறைந்தது நல்லதுதான். ஆனால் 'எல்லாம் விதிப்படிதான்' என்று உறுதி கொடுப்பது இப்போது நீங்கள். பொறுப்பு அலுவலக மேஜையிலிருந்து உங்கள் வீட்டு மேஜைக்கு வந்துவிட்டது.

ஆகவே சி பிளாக் நண்பருக்கு நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். டிராஃப்ட்ஸ்மேனை அமர்த்துங்கள். பொறியாளருக்குப் பதிலாக அல்ல, அவரோடு சேர்த்து. அமர்த்தும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்:

1. அனுமதிக்கான தாள் மட்டுமா, அல்லது மாடிப்படி, கதவு ஜன்னல், மின்சாரம், தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் வேலைப் படம் உண்டா?

2. கம்பிக் கணக்கைப் போட்டுக் கையெழுத்திடும் பொறியாளர் யார்?

3. வேலை நடக்கும்போது செய்த மாற்றங்களைத் திருத்திக் கடைசியாக ஒரு படம் தருவீர்களா?

மூன்றாவது கேள்வி ஏன் என்று கேட்கிறீர்களா? நம் பிளாக்கில் குழாய் கசிந்தபோது, அது எந்த வழியாகப் போகிறது என்று தெரியாமல் மூன்று இடத்தில் சுவரை உடைத்தோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நண்பர் போன வாரம் படச் சுருளோடு வந்து காட்டினார். நான் முதலில் எண்ணிப் பார்த்தது மாடிப்படியை. 18 இருந்தது.