அந்தச் சந்தில் கொஞ்சம் நில்லுங்கள்!

அமிர்தசரஸ் போகிறவர்களின் டூர் புரோகிராம் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். விடியற்காலையில் பொற்கோயில். அப்புறம் வெண்ணெய் மிதக்கும் குல்ச்சா. சாயங்காலம் வாகா எல்லையில் கொடி இறக்கம். 'நடுவுல இருபது நிமிஷம் இருக்கு, ஜாலியன்வாலாபாக்கையும் பார்த்துடலாமே' என்று யாராவது சொல்ல, குடும்பத்தோடு உள்ளே நுழைந்து, குண்டு துளைத்த சுவர் முன்னால் ஒரு போட்டோ... முடிந்தது!

நீங்கள் போகும்போது தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வாகாவை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். பொற்கோயிலிலிருந்து ஜாலியன்வாலாபாக்குக்கு நடந்தே போய்விடலாம், சில நிமிடங்கள்தான். டிசம்பர், ஜனவரியில் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் லேட்டாகும்; மே, ஜூன் வெயிலோ மண்டையைப் பிளக்கும். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி, மார்ச் சௌகரியம். எந்த மாதம் போனாலும், மாலை ஐந்து மணி வாக்கில் அங்கே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். 1919 ஏப்ரல் 13-ம் தேதி, ஜெனரல் டயர் தன் ஆட்களோடு அங்கே வந்து சேர்ந்தது அந்த நேரத்தில்தான்.

வாசலில் உத்தம் சிங்கின் சிலை நிற்கிறது. 2018-ல் வைத்தது. 'டயரைச் சுட்டுக் கொன்றவர் இவர்தானே?' என்று பக்கத்தில் யாராவது சொல்வார்கள், பாருங்கள். இல்லை! 1940 மார்ச் 13 அன்று லண்டன் காக்ஸ்டன் ஹாலில் உத்தம் சிங் சுட்டது மைக்கேல் ஓ'டுவையரை. 1919-ல் பஞ்சாபின் லெஃப்டினன்ட் கவர்னராக இருந்து, டயரின் செயலுக்கு ஒப்புதல் கொடுத்தவர். பெயர்க் குழப்பம், அவ்வளவுதான். டயர் 1927-லேயே இங்கிலாந்தில் நோய்வாய்ப்பட்டு இறந்துபோயிருந்தார்.

சரி, உள்ளே போகலாம். ஒரு குறுகிய சந்து வரும். எல்லோரும் விறுவிறுவென்று தாண்டிப் போவார்கள். நீங்கள் நில்லுங்கள்!

டயர் வரும்போது இயந்திரத் துப்பாக்கி பொருத்திய இரண்டு கவச வண்டிகளையும் கூட்டி வந்திருந்தார். இந்தச் சந்துக்குள் அவை நுழையவில்லை. வெளியிலேயே நிறுத்திவிட்டு, துப்பாக்கி ஏந்திய 50 சிப்பாய்களோடு உள்ளே நடந்தார். பிற்பாடு ஹண்டர் கமிஷன் விசாரணையில், 'வண்டிகள் உள்ளே போக முடிந்திருந்தால் இயந்திரத் துப்பாக்கியைப் பயன்படுத்தியிருப்பீர்களா?' என்று சிமன்லால் செடல்வாட் கேட்டார். அநேகமாக ஆமாம் என்றார் டயர். எந்தச் சங்கடமும் இல்லாமல்! ஆக, அன்றைக்குச் சாவு எண்ணிக்கை இன்னும் பல மடங்கு ஏறாமல் தடுத்தது இந்தச் சந்தின் குறுகல்தான்.

2021-ல் புதுப்பித்தபோது, வெறும் செங்கல் சுவர்களாக இருந்த அந்தச் சந்தில், சிரித்தபடி நடந்து போகும் மக்களின் சிற்பங்களைப் பதித்துவிட்டார்கள். தரையும் பளபளவென்று மாறியது. ஒலி-ஒளிக் காட்சியும் வந்து சேர்ந்தது. வரலாற்று ஆய்வாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். எனக்கும் அவர்கள் கட்சிதான். சிற்பம் அழகாகவே இருக்கட்டும்... ஆனால் அது இருக்க வேண்டிய இடமா அது? வண்டி நுழையாத வெறும் சுவர்தானே அங்கே சாட்சி? சிற்பங்களைக் கொஞ்சம் மறந்துவிட்டு, இரு பக்கச் சுவர்களுக்கும் உள்ள இடைவெளியை மட்டும் பாருங்கள்.

உள்ளே போனதும் புல்வெளி, பூச்செடி எல்லாம் கண்ணில் படும். 'பாக்' என்றால் தோட்டம்தான். ஆனால், 1919-ல் அங்கே தோட்டம் கிடையாது. சுற்றிலும் வீடுகளின் பின்சுவர்கள், நடுவில் மேடும் பள்ளமுமாக ஒரு பொட்டல், சில மரங்கள், ஒரு சமாதி, ஒரு கிணறு. அவ்வளவுதான். அன்றைக்கு பைசாகி. திருவிழாவுக்கும் மாட்டுச் சந்தைக்கும் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். கூட்டம் கூடக் கூடாது என்று காலையில் ஊருக்குள் சில இடங்களில் தமுக்கு அடித்ததுகூட அவர்களில் பலர் காதில் விழுந்திருக்காது.

நுழைந்ததும் இருக்கும் உயரமான இடத்தில் சிப்பாய்களை நிறுத்தினார் டயர். எச்சரிக்கை? கிடையாது. வந்த அரை நிமிடத்துக்குள் சுட ஆரம்பித்தாயிற்று. சுமார் பத்து நிமிடம். 1,650 ரவுண்டு. ஆளுக்கு 33 என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குண்டுகள் தீரப் போகிற நேரத்தில்தான் நிறுத்தினார்கள். செத்தவர்கள் 379 என்றது அரசு. ஆயிரம் பேர் வரை என்றது காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு. கிணற்றிலிருந்து மட்டும் 120 உடல்களை எடுத்ததாக அங்கே எழுதி வைத்திருந்தார்கள். 1997-ல் எலிசபெத் ராணியோடு வந்த இளவரசர் பிலிப், அங்கே 2,000 பேர் என்று எழுதியிருந்ததைப் பார்த்து, 'இது மிகைப்படுத்தல்' என்றார். எப்படித் தெரியுமாம்? கடற்படையில் டயரின் மகனோடு இருந்தாராம், அவர் சொன்னாராம்!

இப்போது மணி ஆறரை ஆகியிருக்கும். இருட்டத் தொடங்கும். உடனே கிளம்பிவிடாதீர்கள். ஏனென்றால், அன்றைய கொடுமையில் பாதி, சுட்டு முடித்த பிறகுதான் நடந்தது. ஊரடங்கு உத்தரவு இருந்ததால், ராத்திரி யாரும் வீட்டை விட்டு வெளியே வர முடியவில்லை. காயம்பட்டவர்கள் கிடந்த இடத்திலேயே கிடந்தார்கள். பக்கத்தில் குடியிருந்த ரத்தன் தேவி என்ற பெண், பிணக் குவியலுக்குள் தேடித் தன் கணவரின் உடலைக் கண்டுபிடித்தார். தூக்கிப்போக ஒரு கட்டில் கேட்டு அலைந்தார். கர்ஃப்யூ நேரத்தில் யார் வருவார்கள்? உடலின் பக்கத்திலேயே இரவு முழுக்க உட்கார்ந்திருந்தார். நாய்களை விரட்டக் கையில் ஒரு மூங்கில் கழி. சுமார் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் வலியில் துடித்தபடி, தன்னை விட்டுப் போய்விட வேண்டாம் என்று அந்த அம்மாவிடம் கெஞ்சினான். தண்ணீர் கேட்டான். தண்ணீர் கிடைக்கவில்லை. இதெல்லாம் அவரே காங்கிரஸ் விசாரணைக் குழுவிடம் சொன்ன வாக்குமூலத்தில் இருக்கிறது.

காயம்பட்டவர்களுக்கு ஏன் உதவவில்லை என்று கேட்டபோது, அது தன் வேலையில்லை, ஆஸ்பத்திரிகள் திறந்துதானே இருந்தன என்ற தோரணையில் பதில் சொன்னார் டயர். பதவியை விட்டு இறங்க வைத்தார்கள், உண்மை. ஆனால் லண்டன் பிரபுக்கள் சபை 129-க்கு 86 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. 'மார்னிங் போஸ்ட்' பத்திரிகை திரட்டிய நிதியில் 26,000 பவுண்டுக்கு மேல் குவிந்தது!

மறுநாள் வாகா கிளம்புவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கிடைத்தால், பழைய நகரத்தில் கூச்சா கௌரியான்வாலா என்ற சந்தையும் பார்த்துவிடுங்கள். டூரிஸ்ட் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. ஏப்ரல் 10-ம் தேதி கலவரத்தில் மார்செல்லா ஷெர்வுட் என்ற ஆங்கிலேயப் பெண்மணி தாக்கப்பட்ட இடம் அது. அவரைக் காப்பாற்றியதும் இந்தியர்கள்தான். அதெல்லாம் டயருக்குப் பொருட்டா என்ன? 19-ம் தேதியிலிருந்து அந்தச் சந்தைக் கடக்கும் இந்தியர்கள் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். வயிறு தரையில் படும்படி ஊரச் சொல்லிக் காவலுக்கு நின்றார்கள் சிப்பாய்கள். மேலிடத்துக்கே பொறுக்காமல், சில நாட்களில் உத்தரவு ரத்தானது. அதற்குள் சுமார் ஐம்பது பேர் ஊர்ந்திருந்தார்கள்.

அங்கே பல வீடுகளுக்குப் பின்வாசல் கிடையாது. கடைக்கோ, டாக்டர் வீட்டுக்கோ போக வேண்டுமென்றால் அதே சந்துதான் வழி. பஜாரில் விசாரித்துக்கொண்டு போங்கள். டாக்ஸியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டியிருக்கும்.