திரௌபதியின் படை

பண்டைப் போர்க்கோலம் பூண்டு, முன்னோர் ஆற்றிய போரை மீண்டும் நடித்துக் காட்டும் விழாக்கள் மேலைநாடுகளில் பல உண்டு. சுவீடன் நாட்டின் விஸ்பி நகரில் 1984ஆம் ஆண்டு தொடங்கி 'இடைக்கால வாரம்' கொண்டாடப்படுகிறது. இங்கிலாந்தில் 1066ஆம் ஆண்டின் ஹேஸ்டிங்ஸ் போரை நடித்துக் காட்டும் வழக்கமும் உண்டு. மக்கள் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகச் சென்று இவற்றைக் கண்டு மகிழ்கின்றனர். நம் நாட்டில் இதற்கு நிகரான விழா எது என்று கேட்போரைப் பெங்களூரின் பழைய பேட்டைக்கு அழைத்துச் செல்லலாம்.

சாந்திரமானச் சைத்ர மாதத்துப் பௌர்ணமி நம் பங்குனியின் இறுதியிலோ சித்திரையிலோ வரும். அன்றிரவு நகர்த்தப்பேட்டையிலுள்ள தர்மராய சுவாமி கோயிலின் முன் மக்கள் வெள்ளமெனத் திரண்டு நிற்பர். மல்லிகையின் மணம் தெருவெங்கும் பரவும். வெண்ணிற ஆடையும் தலைப்பாகையும் அணிந்து, உருவிய வாளேந்திய வீரர்கள் நூற்றுக்கணக்கில் நிற்பர். நள்ளிரவு கடந்தபின், பெண்கோலம் பூண்டு வளையும் தாலியும் அணிந்த பூசாரி, மல்லிகைச் சரங்களால் கோபுரம் போல் உயர்ந்த கரகத்தைத் தலையில் தாங்கி வெளியே வருவார். கரகத்தைக் கையால் பிடித்துக்கொள்ளும் வழக்கமில்லை. வீரர் புடைசூழ, கோவிந்த நாமம் முழங்க, பேட்டைத் தெருக்களை இரவெல்லாம் வலம்வந்து, பொழுது விடியும் வேளையில் அவர் கோயில் திரும்புவார்.

அந்த வாள்வீரர் யாவர்? பாரதப்போர் முடிந்து பாண்டவர் விண்ணுலகு நோக்கிப் புறப்பட்டபோது, பின்தங்கிய திரௌபதியைத் திமிராசுரன் என்னும் அரக்கன் எதிர்த்தான் என்றும், அவள் சக்தி வடிவெடுத்துத் தன் உடலிலிருந்தே வீரகுமாரர் என்னும் படையைத் தோற்றுவித்து அவனை வென்றாள் என்றும் இவ்விழாவின் கதை கூறுகிறது. அன்னை பிரிந்து செல்லும்போது பிள்ளைகள் கலங்கினர். ஆண்டுக்கொருமுறை வந்து தங்குவதாக அவள் வாக்களித்தாள். அவ்வாக்கு நிறைவேறும் நாளே கரகத் திருநாள். வாளேந்தி நிற்போர் தம்மை அவ்வீரகுமாரரின் வழியினர் என்றே கருதுகின்றனர். ஆதலால் இதை வெறும் நடிப்பு என்று சொல்லிவிட இயலாது. பல நாள் நோன்பிருந்து நிறைவேற்றும் குலக்கடமை இது.

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இவ்விழாவைக் கருத்தூன்றி நோக்குவதற்குத் தனிக் காரணம் ஒன்றுண்டு. இதனை நடத்துவோர் திகளர் எனப்படும் வன்னிகுல க்ஷத்திரியர். 'திகுளர்' என்பது தமிழரைக் குறிக்கும் பழைய கன்னடச் சொல். ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு தண்டு நிலையத்தை அமைத்தபின் அல்சூர்ப் பகுதியில் குடியேறிய தமிழரினும் இவர்கள் இந்நகருக்கு முந்தியவர்கள். மலரும் காய்கனியும் பயிரிடும் தோட்டக்கலை இவர்களது தொழில். 1760இல் ஹைதர் அலி தொடங்கிய லால்பாக் தோட்டத்தோடு இவர்களைத் தொடர்புபடுத்திக் கூறும் மரபும் உண்டு. இன்று இவர்களுட் பலர் கன்னடத்திலேயே எழுதப் படிக்கக் கற்றவர்கள். வீட்டில் வழங்கும் தமிழிலும் கன்னடமும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன.

மொழி இவ்வாறு மாறிய பின்னரும் மாறாது நின்றது எது? அதனை அறியச் செஞ்சிப் பக்கம் திரும்பவேண்டும். செஞ்சியைச் சூழ்ந்த வடதமிழகத்து ஊர்களில் திரௌபதியம்மன் கோயில்கள் மிகுதி. அங்கே பாரதம் படிப்பார்கள். இரவில் தெருக்கூத்து நடக்கும். அருச்சுனன் தபசு மரம் ஏறுவான். பதினெட்டாம் போரன்று மண்ணால் துரியோதனனின் பேருருவைப் படுக்க வைத்து, பீமன் தொடை பிளக்கும் காட்சியை நிகழ்த்துவார்கள். திரௌபதி கூந்தல் முடிவாள். அதுவே படுகளம். அதன்பின் தீமிதி நடைபெறும். அக்கோயில்களில் காவல்புரியும் போத்துராசன், பெங்களூர்க் கரகத்தில் போதராஜா என்னும் பெயருடன் நிற்கின்றான்.

மற்றோர் ஒப்புமையும் நோக்கத்தக்கது. தமிழகத்துத் திரௌபதி கோயில்கள் பலவற்றில் முத்தால் ராவுத்தன் என்னும் முஸ்லிம் வீரன் அம்மனுக்குக் காவலனாக வணங்கப்படுகிறான். பெங்களூரிலோ, கரகம் காட்டன்பேட்டையிலுள்ள தவக்கல் மஸ்தான் தர்காவுக்குச் சென்று மரியாதை பெற்றே திரும்புகிறது. திரௌபதியின் படையில் சமயவேலி என்றும் உயர்ந்து நின்றதில்லை.

காலம் இவ்விழாவைச் சோதியாமல் விடவில்லை. கரகச் சடங்குகளுக்குரிய சம்பங்கி ஏரி தூர்க்கப்பட்டு, அந்நிலத்தில் கண்டீரவ விளையாட்டரங்கம் எழுந்தது. பரந்த ஏரி போய்ச் சிறு குளமொன்றே எஞ்சியது. ஆயினும் சடங்கு அங்கே தொடர்கிறது. தோட்டங்கள் கட்டடங்களாகிவிட்டன, தோட்டக்காரரின் பேரப்பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றனர், ஆயினும் கரக நாளில் வாளேந்த வந்துவிடுகின்றனர். கொள்ளைநோய் பரவிய 2020இல் ஊர்வலமும் கூட்டமும் இல்லை; கோயிலளவில் மிகச் சிலரைக் கொண்டு கரகம் நிகழ்ந்தது.

தமிழர் சென்ற பிற இடங்களிலும் இதுவே கதை. சிங்கப்பூரில் 1827ஆம் ஆண்டு தோன்றிய மாரியம்மன் கோயிலில் ஐப்பசிதோறும் நடைபெறும் தீமிதி, திரௌபதியின் பெயரால் நடப்பதே. இலங்கையின் உடப்பிலும் திரௌபதியம்மன் தீமிதி உண்டு. கடல் கடந்தவர்கள் நிலத்தைக் கொண்டுசெல்ல இயலவில்லை, கதையைக் கொண்டுசென்றனர்.

மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவரின் கவலை ஒன்றே: "நம் பிள்ளைகளிடம் நம்முடையது எது எஞ்சும்?" திகளர் வரலாறு அதற்கு ஒரு விடை தருகிறது. நூலில் மட்டும் வைத்திருந்தால் இம்மரபு என்றோ மறைந்திருக்கும். இன்னார் வாளேந்துவது, இன்னார் மணியடிப்பது, இன்னார் கரகம் சுமப்பது என்று ஒவ்வொருவரிடமும் ஒரு பணியை ஒப்படைத்தமையால் அது வாழ்கிறது. வந்த ஊரை வெறுக்காமல், அவ்வூரின் விழாவாகவே தம் விழாவை ஆக்கியதும் அதன் வலிமை. இன்று கன்னடியரும் தமிழரும் தெலுங்கரும் தெருவோரங்களில் ஒன்றாகவே காத்து நிற்கின்றனர்.

ஆகவே அன்பர்களே, அந்தப் பௌர்ணமி நாளில் பெங்களூரில் இருக்க வாய்த்தால் குடும்பத்தோடு செல்லுங்கள். மாலையிலேயே சென்று கோயிலையும் பேட்டைத் தெருக்களையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். வாளேந்திய இளைஞர் யார், எந்த ஊரிலிருந்து எக்கதையைச் சுமந்து வந்தவரின் வழியினர் என்று கரகம் வருவதற்குள் சொல்லி முடியுங்கள். வந்தபின் பேச்சுக்கு இடமிராது.