கட்டிலை விட்டு இறங்கிய கதை

மார்ச் மாதக் கணக்கை முடித்து மூச்சு விட்டபோதுதான் அப்பாவின் மூச்சு கவனத்துக்கு வந்தது. புனேயில் எங்களோடு இருக்கிறார், வயது 74. ஹார்ட் ஃபெயிலியர் என்றார் டாக்டர். (இதயம் நின்று போவதல்ல. உடம்புக்கு வேண்டிய ரத்தத்தைத் தள்ள முடியாமல் பலவீனப்படுவது.) மருந்தில் கொஞ்சம் தேறி வீட்டுக்கு வந்ததும் நாங்கள் செய்த முதல் காரியம், அவரைக் கட்டிலோடு கட்டிப் போட்டது. தண்ணீர் டம்ளர்கூட அவர் கைக்கே போகும். "என்னடா, ஆயுள் தண்டனையா?" என்பார். இரண்டே மாதத்தில் பாத்ரூம் போய்வரவே திணறினார். அடுத்த செக்கப்பில் டாக்டர் கேட்டார், இவரை நடக்க விடுகிறீர்களா இல்லையா என்று. சுருக்கென்றது.

நான் பி.காம். படித்த வங்கிக்காரன், டாக்டர் இல்லை. ஆனால் தேடிப் படித்ததில் தெரிந்த சரித்திரம் நம் எல்லோர் வீட்டுக்கும் வேண்டியது என்று பட்டது. அதனால் இந்தப் பதிவு.

லண்டன் மருத்துவர் வில்லியம் ஹெபர்டென் எழுதிய நூல் அவர் மறைவுக்குப் பின் 1802-ல் வெளியானது. நெஞ்சு வலிக்காரர் ஒருவர் தினமும் அரை மணி நேரம் மரம் அறுத்து ஏறக்குறையக் குணமானார் என்று அதில் ஒரு குறிப்பு இருக்கிறது. ஆனாலும் 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் மாரடைப்பு என்றால் ஆறு வாரம் படுக்கைதான். காயம்பட்ட தசை ஆற வேண்டாமா என்பது அவர்கள் நியாயம்.

1952-ல் பாஸ்டனில் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லவுனும் 81 மாரடைப்பு நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்த அனுபவத்தை எழுதினார்கள். வெறும் உட்காருவது! அதுவே அன்றைக்குப் புரட்சி. 1955-ல் அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவருக்கு மாரடைப்பு வந்தது. அவரைக் கவனித்த பால் டட்லி ஒயிட், நடையை வலியுறுத்தியவர். அடுத்த ஆண்டே ஐசனோவர் தேர்தலில் நின்று ஜெயித்தார்.

1966-ல் டல்லாஸில் 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்க வைத்துப் பார்த்தார்கள். உழைக்கும் திறன் கால் பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 30 வருடம் கழித்து அதே ஐவரைச் சோதித்தபோது, 30 வயது கூடியதைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அதிகச் சேதம் செய்திருந்தது தெரிந்தது.

இருந்தும், இதயம் பலவீனமானவர்களுக்குப் பல காலம் படுக்கையே கதியாக இருந்தது. 1980-களில்தான் ஒரு விஷயம் தெளிவானது. இதயம் எவ்வளவு பம்ப் செய்கிறது என்ற கணக்கும், ஆள் எவ்வளவு தூரம் நடப்பார் என்பதும் ஒத்துப்போவதில்லை. படுத்தே கிடப்பதால் கால் தசைகளும் நலிந்து போகின்றன. 1990-ல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ கோட்ஸ் குழுவினர் 11 நோயாளிகளை எட்டு வாரம் வீட்டிலேயே சைக்கிள் மிதிக்க வைத்தார்கள். திறன் கூடியது.

2009-ல் பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது: ஹெச்.எஃப். ஆக்‌ஷன், 2,331 நோயாளிகள். மரணமும் ஆஸ்பத்திரி அட்மிஷனும் நேர்க் கணக்கில் உறுதியாகக் குறையவில்லை. நோயின் தீவிரம் போன்றவற்றைச் சரிக்கட்டிப் பார்த்தபோது கொஞ்சம் குறைந்தது. பயிற்சி பாதுகாப்பானது என்றும், அன்றாட வாழ்க்கை மேம்படுகிறது என்றும் தெரிந்தது. எங்கள் பாஷையில் சொன்னால் பெரிய லாபம் இல்லை, ஆனால் நஷ்டமில்லாத நல்ல கணக்கு. 2014-ல் அமெரிக்க அரசின் மெடிகேர் காப்பீடும் இதற்குப் பணம் தர ஆரம்பித்தது.

அப்பாவுக்குப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் கற்றுக் கொடுத்தார். முதல் வாரம் வராந்தாவில் ஐந்து நிமிடம். இப்போது சொசைட்டி தோட்டத்தில் இரண்டு சுற்று, பிறகு பெஞ்சில் ஒரு மராத்தித் தாத்தாவோடு அரைகுறை இந்தியில் அரட்டை. காலில் வீக்கம், திடீர் எடை ஏற்றம், மூச்சிரைப்பு என்று ஏதாவது வந்தால் அன்று நடை கிடையாது, நேரே டாக்டருக்குப் போன்.

ஊரில் இருக்கும் பெற்றோரிடம் நாமெல்லாம் போனில் தவறாமல் சொல்வது "ஒண்ணும் செய்யாதீங்க, ரெஸ்ட் எடுங்க". பாசத்தில்தான் சொல்கிறோம், நானும் சொன்னவன்தான். அடுத்த முறை அவர்கள் டாக்டரிடம் போகும்போது, "எவ்வளவு நடக்கலாம், எப்படித் தொடங்கலாம்?" என்று கேட்டு வரச் சொல்லுங்களேன்.