பணித்தவறை ஒப்புக்கொள்ளல்

பணித்தவறை ஒப்புக்கொள்ளல் என்பது, வேலையில் நேர்ந்த பிழையைப் பிறர் கண்டுபிடிக்கும் முன் செய்தவரே பொறுப்பாளரிடம் தெரிவிப்பது. இதைத் தனிமனித நேர்மையாகவே பலரும் பேசுகிறார்கள். திண்டுக்கல், வேடசந்தூர் வட்டார நூற்பாலைகளின் வேலைமுறையை வைத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும்: உண்மையைச் சொன்னவருக்கு அடுத்து என்ன நேர்கிறது என்பதே ஒப்புதலைத் தீர்மானிக்கிறது. ஆகவே இது நிர்வாகத்தின் கடமையும்கூட.

நூற்பாலைகள் அஞ்சும் பிழைகளுள் ஒன்று கவுண்ட் கலப்பு, அதாவது வெவ்வேறு பருமனுள்ள நூல்கள் கலந்துவிடுவது. 30ஆம் கவுண்டைவிட 40ஆம் கவுண்ட் நூல் மெல்லியது. ஆனால் கோனில் சுற்றியபின் வெறுங்கண்ணால் பிரித்தறிவது கடினம். அதனால்தான் கவுண்டுக்கு ஒரு நிறமாகக் குழல்களைப் பிரித்து வைக்கிறார்கள். குழலின் நிறம் மாறிவிட்டதை அந்த ஷிப்டிலேயே சொன்னால் சில கோன்களை ஒதுக்கினால் போதும். மறைத்தால் அவை பெட்டியேறித் திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களுக்குப் போய்ச் சேரும். சாயம் ஏறியபின் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அப்போது நூலோடு பின்னல் கூலி, சாயம், தண்ணீர் எல்லாமே வீண். தாமதம் நீள நீள நட்டம் பெருகுகிறது. முதலில் அறிந்தவரோ பெரும்பாலும் குறைந்த கூலி வாங்குபவர்.

அவர் ஏன் வாய் திறப்பதில்லை? 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், அபராதம் ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றும், விளக்கம் கேட்காமல் பிடித்தம் செய்யக்கூடாது என்றும் வரையறுத்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் பலர் முன் ஏச்சு வாங்குவதையும் வேலை போவதையும் பற்றிய அச்சத்தைச் சட்டத்தால் நீக்க இயலாது. ஆலை விடுதியில் தங்கி உழைக்கும் இளம்பெண்ணுக்கு வேலை போனால் தங்குமிடமும் போகும். அமெரிக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1996இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நன்கு இயங்கிய குழுக்களிலேயே மருந்துப் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. பிழையைப் பேச அங்கே தயக்கம் இல்லாததே அதற்கு அவர் கண்ட விளக்கம். பதிவேட்டில் பிழையே இல்லாத ஆலையை நல்ல ஆலை என்று எண்ணிவிடக்கூடாது.

மன்னித்தால் அலட்சியம் வளரும் என்பது வலுவான மறுப்பு. அதற்கு விமானத்துறை விடை கண்டிருக்கிறது. 1976இல் தொடங்கி நாசா நடத்தும் அறிக்கைத் திட்டத்தில், தெரியாமல் செய்த விதிமீறலை 10 நாட்களுக்குள் தெரிவிப்பவருக்குத் தண்டனை விலக்கு உண்டு. வேண்டுமென்றே செய்ததற்கு இல்லை. எனவே கைதவறியதையும் மறைத்ததையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மேலிருப்பவர் ஒப்புக்கொண்டால் மதிப்புக் குறையும் என்பது இன்னொரு மறுப்பு. 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி-3 ஏவூர்தி வங்கக்கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் செய்தியாளர் முன் பொறுப்பைத் தாமே ஏற்றார் என்று திட்ட இயக்குநர் அப்துல் கலாம் பின்னாளில் மேடைகளில் எடுத்துரைத்தார். கோளாறு இரண்டாம் கட்டத்தில் என்று ஆய்ந்து கண்டனர். 1980 ஜூலை 18 அன்று அடுத்த ஏவுதல் வெற்றி பெற்றது. தலைமை பழியைத் தாங்கியதால் பொறியாளர்கள் கோளாற்றில் கருத்தூன்ற முடிந்தது. ஆலையிலும் அந்த முதலடியை மேற்பார்வையாளரே எடுத்து வைக்க வேண்டும்: தம் பிழையை அவர் வெளிப்படையாகச் சொல்லி, சொல்ல வரும் தொழிலாளியிடம் ‘யார்’ என்பதற்கு முன் ‘எப்படி’ என்று கேட்டால், கலந்த கோன் ஆலை வாசலைத் தாண்டாமல் தடுக்கலாம்.